பழைய பதிவுகளை அழித்துவிட்டு ஊருக்குப் போகலாமா?

டெக்சாஸிலிருந்து ஒரு வாசகர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் நிறுவனமும் வெளியே வரக்கூடாது என்று கேட்டிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை நானும் மாற்றியிருக்கிறேன்.

சொந்த ஊர் கரூர்ப் பக்கம். பதினோரு வருடமாக ஹெச்1பி விசாவில் மென்பொருள் வேலை, கிரீன் கார்டு வரிசையில் காத்திருக்கிறார். மனைவி ஹெச்4, அதாவது ஹெச்1பிக்காரரின் குடும்பத்தினருக்கான விசா. நான்கு வயது மகள் அமெரிக்காவில் பிறந்தவள். அப்பாவுக்கு எழுபது நிறைகிறது. திருக்கடையூரில் பீமரத சாந்தி செய்வதற்கு மண்டபம் வரை பேசியாகிவிட்டது. ஒரே மகன் இவர். ஹெச்1பி நீட்டிப்பு கிடைத்துவிட்டது, ஆனால் பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா முத்திரை காலாவதியாகிவிட்டது. ஊருக்குப் போனால் சென்னைத் தூதரகத்தில் நேர்காணல் முடித்துத்தான் திரும்ப முடியும்.

கவலை அங்கேதான் தொடங்குகிறது. 2012 முதல் புனைபெயரில் ட்விட்டர் கணக்கு வைத்திருக்கிறார். முதலில் சினிமா, கிரிக்கெட், தமிழ்நாட்டு அரசியல். 2020-க்குப் பிறகு அமெரிக்க அரசியல். அதிபரைக் கிண்டல் செய்யும் மீம்கள், குடியேற்றக் கொள்கை பற்றிய கோபங்கள், காசா பற்றிய சில பகிர்வுகள். ட்விட்டரை எலான் மஸ்க் வாங்கிய பிறகு அவரைப் பற்றியும் நிறைய. மனைவி "எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்" என்கிறார். மச்சான், "அந்தக் கணக்கைச் சொல்லவே வேண்டாம், புதிதாகச் சுத்தமான கணக்கு ஒன்று தொடங்கி அதைக் காட்டுங்கள்" என்கிறார். கல்லூரி நண்பர், "அமெரிக்காவில் பேச்சுரிமை இருக்கிறது, ஒருத்தனும் கை வைக்க முடியாது" என்கிறார். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: "விருந்தாளியாக வந்த வீட்டில் வாயைத் திறந்ததே தப்போ என்று இருக்கிறது மேடம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து என் பழைய ட்வீட்டுகளை நானே படித்துக்கொண்டிருக்கிறேன்."

நண்பரே, உங்களுக்கு அறிவுரை சொன்ன மூன்று பேருக்கும் உங்கள் மேல் அக்கறை இருக்கிறது. ஆனால் மூன்று பேர் சொன்னதும் சரியில்லை. மச்சான் சொன்னது ஆபத்தே.

விசா வேறு, தங்கும் அனுமதி வேறு

முதலில் ராத்திரி தூக்கம் வருவதற்கான செய்தி. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா, நாட்டுக்குள் நுழைவதற்கான சீட்டு. உள்ளே தங்கி வேலை பார்க்கும் உரிமை அதிலிருந்து வரவில்லை. நீட்டிப்பு ஒப்புதலோடு வந்த, எந்த நாள் வரை தங்கலாம் என்று சொல்லும் ஐ-94 தாளிலிருந்து வருகிறது. விசா காலாவதியானதால் மட்டும் உங்கள் இருப்பு சட்டவிரோதம் ஆகிவிடாது. நீங்கள் ஊருக்குப் போகாத வரை யாரிடமும் புதிய விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டியதில்லை.

உள்ளே இருப்பவர்களின் விசாவையும் வெளியுறவுத் துறை ரத்து செய்யலாம், செய்தும் இருக்கிறது. 2025 அக்டோபரில், அமெரிக்க வலதுசாரி அரசியல் செயற்பாட்டாளர் சார்லி கிர்க்கின் கொலையைப் பற்றி எழுதிய பதிவுகளுக்காக ஆறு வெளிநாட்டவரின் விசாக்களை ரத்து செய்ததாக அந்தத் துறையே அறிவித்தது. ஆகவே உள்ளே இருந்தால் முழுப் பாதுகாப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்களைப் போன்றவருக்கு உண்மையான சோதனை நடக்கும் இடம் அண்ணா சாலையில் இருக்கும் தூதரகத்தின் நேர்காணல் சன்னல்தான்.

லட்சம் டாலர் கட்டணம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 2025 செப்டம்பர் 21-க்குப் பிறகு தாக்கலாகும் புதிய ஹெச்1பி மனுக்களுக்கு வந்தது அது. ஏற்கெனவே ஒப்புதல் வாங்கிய நீங்கள் முத்திரை குத்தப் போவதற்குப் பொருந்தாது. அந்தக் கவலையை விட்டுவிடுங்கள்.

பேச்சுரிமை எதுவரை?

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் குடிமக்களுக்கு மட்டுமானது அல்ல. ஆஸ்திரேலியாவில் பிறந்து சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர்களின் தலைவராக ஆன ஹாரி பிரிட்ஜஸை நாடு கடத்த அரசு முயன்றபோது, இங்கே வாழும் வெளிநாட்டவருக்கும் பேச்சுரிமை உண்டு என்று 1945-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 செப்டம்பர் 30-ல் பாஸ்டன் கூட்டாட்சி நீதிபதி வில்லியம் யங், சட்டப்படி நாட்டில் இருக்கும் வெளிநாட்டவருக்கும் குடிமக்களுக்கு உள்ள அதே பேச்சுரிமை உண்டு என்று தீர்ப்பளித்தார்.

மறு பாதி நாட்டுக்கு வெளியே இருக்கிறது. பெல்ஜியம் நாட்டு மார்க்சியப் பொருளாதார அறிஞர் எர்னஸ்ட் மண்டேலுக்கு விசா மறுக்கப்பட்டது. அமெரிக்கப் பேராசிரியர்கள் வழக்குப் போட்டார்கள், 1972-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். வெளியே நிற்பவருக்கு உள்ளே நுழையும் உரிமை என்று ஒன்று கிடையாது என்பதும், தூதரக அதிகாரியின் முடிவுக்குள் நீதிமன்றம் அநேகமாகத் தலையிடாது என்பதும் அந்தத் தீர்ப்பால் வலுப்பட்டவை. 2024-ல் முன்யோஸ் வழக்கில், கணவருக்கு விசா கேட்ட அமெரிக்கக் குடிமகளிடமே உச்ச நீதிமன்றம் அதைத்தான் சொல்லி அனுப்பியது.

அதாவது டல்லாஸில் உங்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து எழுதியபோது இருந்த உரிமை, சென்னையில் விமானத்தைவிட்டு இறங்கும்போது உங்களோடு வருவதில்லை. பதிவு ஒன்றுதான், எழுதியவரும் ஒருவர்தான், நிற்கும் இடம் மட்டும் வேறு. இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பதே என் கருத்து. ஆனால் திட்டம் போடும்போது இருக்கிற சட்டத்தை வைத்துத்தான் போட வேண்டும்.

உங்கள் பதிவுகளை எப்படி எடைபோடுவார்கள்? 2025 ஜூனில் மாணவர் விசாக்களுக்கு வந்த நடைமுறை, அதே ஆண்டு டிசம்பர் 15 முதல் ஹெச்1பி, ஹெச்4 இரண்டுக்கும் வந்துவிட்டது. சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும். அமெரிக்க மக்கள், பண்பாடு, அரசு, நிறுவனங்கள் மீது பகைமை தெரிகிறதா, பயங்கரவாதத்துக்கு ஆதரவு இருக்கிறதா, யூதர் மீதான வெறுப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஒரு கொள்கையை விமர்சிப்பது எங்கே முடிகிறது, பகைமை எங்கே தொடங்குகிறது என்பதற்குக் கோடு எதுவும் போட்டு வைக்கவில்லை. அதிபரைப் பற்றிய மீமுக்காக மட்டும் விசா போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. காசா பகிர்வுகள்தான் கூடுதல் கவனத்தை இழுக்கக்கூடியவை. டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மாணவி ருமேசா ஓஸ்டுர்க் மாணவர் இதழில் பாலஸ்தீனம் தொடர்பாகச் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு 2025 மார்ச்சில் தெருவில் வைத்துப் பிடிக்கப்பட்டு, ஆறு வாரத்துக்கு மேல் காவலில் இருந்தார். நீதிபதி உத்தரவிட்ட பிறகே வெளியே வந்தார். இதைப் பயமுறுத்துவதற்குச் சொல்லவில்லை. அந்தப் பகிர்வுகளை ஒரு வழக்கறிஞரிடம் ஒன்று விடாமல் காட்ட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மச்சான் சொன்ன வழி

டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளில் நீங்கள் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குப் பெயர்களைக் கேட்கிறார்கள். 2019 முதலே இந்தக் கேள்வி இருக்கிறது. புனைபெயர்க் கணக்கும் உங்கள் கணக்குதான். நேற்று அழித்த கணக்கும், ஐந்து வருடத்துக்குள் பயன்படுத்தியிருந்தால், சொல்ல வேண்டிய கணக்குதான். அதை விட்டுவிட்டுப் புதுக் கணக்கை மட்டும் எழுதி, எல்லாம் உண்மை என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டால், அது தெரிந்தே சொன்ன பொய். முக்கியமான ஒரு விஷயத்தை மறைத்து விசா வாங்க முயன்றவர் என்று முடிவானால் ஆயுளுக்கும் தடை. விலக்குக் கேட்கலாம், ஆனால் அது அவ்வளவு எளிதில் கிடைக்காது. கிரீன் கார்டு விண்ணப்பத்திலும் அது வந்து நிற்கும்.

ஒரு கருத்துக்காகக் கேள்வி வந்தால் பதில் சொல்லலாம், விளக்கலாம், சூழலைக் காட்டலாம். பொய்க்குப் பிறகு அப்படி எதுவும் செய்ய முடியாது. என்னிடம் வரும் கோப்புகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். எழுதிய வரிக்காகக் கெட்டவர்களைவிட, அதை மூடி மறைக்கப் போய்க் கெட்டவர்கள் அதிகம்.

மனைவி சொல்வது போல அழிக்கலாமா? நீங்கள் எழுதியதை நீங்கள் அழிப்பது குற்றம் அல்ல. ஆனால் பதினான்கு வருடக் கணக்கை நேர்காணலுக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரே இரவில் வெறுமையாக்கினால், மறைக்கப் பார்க்கிறார் என்று அதிகாரி எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. நீங்கள் அழித்தாலும் அடுத்தவர் எடுத்த ஸ்க்ரீன்ஷாட் அழியாது. எதையும் தொடுவதற்கு முன்னால், கணக்கின் அமைப்புகளுக்குள் (செட்டிங்ஸ்) போய் உங்கள் தரவின் முழுக் காப்பகத்தைக் கேட்டு இறக்கிக்கொள்ளுங்கள். கேட்ட உடனே வராது, ஒரு நாளோ கூடவோ ஆகும்.

வந்ததும் வரிவரியாகப் படியுங்கள். ஐந்து வருடம் என்பது எந்தெந்தக் கணக்கைச் சொல்ல வேண்டும் என்பதற்குத்தான். கணக்கைத் திறந்தால் 2012-ல் எழுதியதும் கண்ணில் படும். ஒருவரோடு உட்கார்ந்து அவருடைய காப்பகத்தை இப்படிப் படித்திருக்கிறேன். ஏதோ ஒரு படம் வெளியாகும் முதல் நாள், "நாளைக்கு சம்பவம் இருக்கு, தியேட்டர் தெறிக்கும்" என்று எழுதியிருந்தார். நமக்கு அது உற்சாகம். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டோம். நாளை ஒரு சம்பவம் நடக்கும், திரையரங்கு வெடித்துச் சிதறும் என்ற பொருளில் ஆங்கிலம் வந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. இது போன்றவற்றைத் தேதியோடும், படம் எப்போது வெளியானது என்ற குறிப்போடும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டோம். நீங்களும் அப்படி ஒரு தாள் தயார் செய்யுங்கள்.

லைக் போட்டவை பற்றி அதிகம் கவலைப்பட்டிருக்கிறீர்கள். எக்ஸ் தளத்தில் (ட்விட்டரின் இப்போதைய பெயர்) 2024 ஜூன் முதல் ஒருவர் எதற்கு லைக் போட்டார் என்பது மற்றவர்களுக்குத் தெரிவதில்லை. மறுபகிர்வு தெரியும். அதில் ஒன்று கவனியுங்கள். 2025 நவம்பரில் எக்ஸ், கணக்குகள் எந்த நாட்டிலிருந்து இயங்குகின்றன என்று காட்டத் தொடங்கியதும், அமெரிக்க தேசபக்தர் என்று சொல்லிக்கொண்ட பல கணக்குகள் வேறு நாடுகளிலிருந்து இயங்குவது வெளியே வந்தது. 2023 ஜூலையிலிருந்து, பணம் கட்டி நீலக் குறி வாங்கியவர்களுக்குத் தளத்தின் வருவாயில் பங்கும் உண்டு. கோபத்தைக் கிளப்பினால் காசு. நீங்கள் மறுபகிர்ந்த கணக்குகளில் இப்படிப்பட்டவை எவை என்று பார்த்து வையுங்கள். யாரோ காசுக்குக் கிளப்பிய சண்டைக்கு நீங்கள் ஏன் உங்கள் பெயரைக் கொடுக்க வேண்டும்?

வாட்ஸாப் குழுவில் பேசியதைத் தூதரக விண்ணப்பம் கேட்பதில்லை, கடவுச்சொல்லையும் கேட்பதில்லை. ஆனால் திரும்பி வரும்போது எல்லை அதிகாரி போனைப் பார்க்கலாம். அபுதாபி வழியாக வந்தால் அமெரிக்கச் சோதனை அபுதாபியிலேயே முடிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, போனுக்குள் இருப்பதை மட்டுமே பார்க்க வேண்டும் என்பது எல்லை அதிகாரிகளுக்கான விதி. விசாக்காரர் போனைத் திறக்க மறுத்தால் நுழைவையே மறுக்க முடியும்.

போகிற போக்கில் நீங்கள் சொன்ன இரண்டு விஷயங்கள்

மீம்களைப் பற்றி நான்கு பக்கம் எழுதிய நீங்கள், இந்த இரண்டுக்கும் ஒவ்வொரு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள். நான் பேனாவால் அடிக்கோடு போட்டது இவற்றைத்தான்.

ஒன்று, 2024 தேர்தலின்போது ஒரு வேட்பாளருக்கு இணையத்தில் 25 டாலர் கொடுத்தது. கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் அமெரிக்கத் தேர்தலில் எந்த வேட்பாளருக்கும் நன்கொடை கொடுக்கக்கூடாது. தொகை சிறியது என்பது விலக்கு ஆகாது. ஹெச்1பியில் வரி கட்டுகிறோமே, கொடுத்தால் என்ன என்று பலர் நல்லெண்ணத்தில் செய்துவிடுகிறார்கள். பணம் செலுத்தும் பக்கத்தில், நான் குடிமகன் அல்லது நிரந்தரக் குடியிருப்பாளர் என்ற கட்டத்தில் டிக் போட்டீர்களா என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். அந்த மின்னஞ்சல் ரசீதைத் தேடி எடுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்பது வழக்கம்தான், ஆனால் நீங்களாக மின்னஞ்சல் அனுப்பாதீர்கள். குடியேற்றச் சட்டமும் தேர்தல் சட்டமும் தெரிந்த ஒருவர் சொல்லும் வாசகத்தில் அனுப்புங்கள். பேச்சுக்கு முதல் திருத்தத்தின் நிழல் இருக்கிறது. இதற்கு அது இல்லை.

இரண்டு, திருமணத்துக்கு முன்னால் உங்கள் மனைவி சோழிங்கநல்லூரில் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில், சமூக ஊடகத்தில் புகார் வந்த பதிவுகளைப் பார்த்து நீக்கும் வேலையில் இரண்டு வருடம் இருந்தது. உங்கள் கணக்கை அழிக்கச் சொல்பவரே, தன் லிங்க்ட்இன் பக்கத்தைப் பற்றி யோசிக்கவில்லை. அமெரிக்காவில் இன்று பதிவுகளை நீக்குவது ஓர் அரசியல் சண்டை. 2025 ஜனவரியில் மெட்டா நிறுவனம் அமெரிக்காவில் வெளியார் செய்யும் உண்மைச் சரிபார்ப்பை நிறுத்துவதாக அறிவித்ததும் அந்தச் சண்டையின் பகுதிதான். டிசம்பரில், ஹெச்1பி விண்ணப்பதாரர்கள், உடன் வரும் குடும்பத்தினர் ஆகியோரின் வேலை வரலாற்றில் உள்ளடக்கக் கண்காணிப்பு, உண்மைச் சரிபார்ப்பு போன்றவை இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லித் தூதரகங்களுக்கு உத்தரவு போனதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. அமெரிக்கர்களின் பேச்சைத் தணிக்கை செய்வதில் பங்கு இருந்ததா என்பதுதான் அந்தக் கேள்வி.

அந்த வேலையை லிங்க்ட்இன்னில் இருந்து எடுத்துவிட வேண்டாம். அவர் உண்மையில் என்ன செய்தார் என்பதை எழுதி வைக்கட்டும். எந்த மொழிப் பதிவுகள், எந்த நாட்டுப் பயனர்கள், என்ன வகை. தமிழ்ப் பதிவுகளில் குழந்தைகளை வதைக்கும் காணொளிகளையும் மோசடி விளம்பரங்களையும் பார்த்து நீக்கினார் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அது அப்படியே நேராகச் சொல்லக்கூடிய பதில். பழைய நிறுவனத்திலிருந்து பணி விவரத்தோடு ஒரு சான்றிதழ் வாங்க முடிந்தால் வாங்குங்கள். இரண்டு வருடம் அந்தக் காட்சிகளைப் பார்த்து வேலை செய்தவர் வெட்கப்பட எதுவும் இல்லை என்பதை அவரிடமும் சொல்லுங்கள்.

திருக்கடையூருக்குப் போவதா?

இங்கே கணக்கு சட்டத்தைவிட நாட்காட்டியைப் பற்றியது. 2025 செப்டம்பர் 2 முதல் ஹெச்1பிக்கு நேர்காணல் இல்லாத டிராப்பாக்ஸ் வசதி அநேகமாக முடிந்துவிட்டது. சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், வேறு நாட்டில் முத்திரை வாங்கும் பழைய வழியும் அடைபட்டது. டிசம்பரில் இந்தியாவில் நேர்காணல் தேதி வைத்திருந்த பலருக்கு அது 2026 மார்ச்சுக்கும் அதற்குப் பின்னாலும் தள்ளிப்போனது. வேலைக்குத் திரும்ப முடியாமல் ஊரிலேயே மாட்டிக்கொண்டார்கள். 221(ஜி) தாள் கொடுத்து மேல் பரிசீலனை என்று சொல்லிவிட்டால் எத்தனை வாரம் என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் விஷயத்தில் நான் அதிகம் எதிர்பார்ப்பது மறுப்பை அல்ல, இந்தத் தாமதத்தை.

ஆகவே டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் உங்கள் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். நான்கு மாதம் திரும்ப முடியாவிட்டால் வேலை இருக்குமா, ஊதியமில்லா விடுப்பு எத்தனை நாள், இந்தியாவிலிருந்து வேலை செய்ய விடுவார்களா? மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் போகலாம் என்பேன். வராவிட்டால், அந்த வேலையோடு உங்கள் குடும்பத்தின் தங்கும் அனுமதியும் கட்டப்பட்டிருக்கிறது என்பதை அப்பாவிடம் நேராகச் சொல்லுங்கள். உங்கள் அனுமதி முறிந்தால் மனைவியின் ஹெச்4 தனியாக நிற்காது. போவதானால் வீட்டு வாடகை, மகளின் பள்ளி, மருந்து எல்லாவற்றுக்கும் நான்கு மாத ஏற்பாட்டோடு போங்கள். மகளுக்கு அமெரிக்க பாஸ்போர்ட், அவளை யாரும் தடுக்க முடியாது. ஆனால் நான்கு வயதுக் குழந்தை தனியாகத் திரும்பாது. சடங்கை வேறொரு நாளில் செய்ய வழி இருக்கிறதா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்பதில் தவறில்லை. உங்கள் அப்பாவே அதைச் சொல்லக்கூடும்.

விருந்தாளி என்று எழுதியிருந்தீர்களே, அந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. பதினோரு வருடமாக ஒவ்வொரு சம்பளத்திலும் சோஷியல் செக்யூரிட்டி என்ற ஓய்வூதியத் திட்டத்துக்கும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவத் திட்டத்துக்கும் பிடித்தம் போகிறது. உங்கள் தெருப் பள்ளிக்கூடம் நீங்கள் கொடுக்கும் வாடகையில் அடங்கிய சொத்து வரியிலும் நடக்கிறது. உங்கள் மகள் பதினெட்டு வயதில் அங்கே ஓட்டுப் போடுவாள். அந்த நாட்டைப் பற்றி உங்களுக்குக் கருத்து இருப்பது இயல்பு. இனி எழுதும்போது ஆளைத் திட்டாமல் கொள்கையைப் பற்றி உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். அது விசாவுக்கும் நல்லது, படிப்பவருக்கும் நல்லது.

கடைசியாக, இன்ஸ்டாகிராம் பற்றி மனைவி கேட்கச் சொன்ன கேள்வி. பூட்டி வைத்திருக்கும் அவர் கணக்கு முழுக்க மகளின் படங்கள். ஹெச்4 விண்ணப்பதாரர் என்பதால் அதையும் திறக்க வேண்டும். திறப்பதற்கு முன்னால், பள்ளிச் சீருடை, வீட்டு எண், பிறந்தநாள் தெரியும் படங்களை அந்தச் செயலியிலேயே காப்பகத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம். படம் அழியாது, வெளியே தெரியாது. குழந்தையின் பாதுகாப்புக்காக நகர்த்தினேன் என்று கேட்டால் சொல்லிக்கொள்ளலாம், அதுதான் உண்மையும். திறந்து வைக்கச் சொல்வது விசா பரிசீலனைக்காக; பாஸ்போர்ட் முத்திரையோடு கைக்கு வந்ததும் மறுபடி பூட்டிக்கொள்ளட்டும்.